கால்சிடனிக் கல் வைத்து நகை செய்யப் போகிறீர்களா? வேலூர்ப் பக்கத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் மகளின் வளைகாப்புக்கு வெளிர்நீலக் கல் வைத்து ஒரு மோதிரமும் ஒரு ஜோடித் தோடும் செய்யக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் முடியும் என்றார்கள். ஒருமுறை கல்லின் சாயம் போய், ஒருமுறை எடைக் கணக்கில் தகராறாகி, கடைசியில் வேறிடத்தில் புதிதாகச் செய்து வாங்க நாலரை மாதம் ஆனது. வளைகாப்பன்று அவள் அதைப் போட முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அலைந்து கற்றுக்கொண்டதை முழுவதும் இங்கே எழுதிவைக்கிறேன். முதல் முறையாக இந்தக் கல்லை வாங்கப் போகிறவர்கள், கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால்சிடனி விலை உயர்ந்த கல் இல்லை. நான் இரண்டாம் முறை வாங்கிய 12 காரட் நீலக் கல்லுக்குக் கொடுத்தது 500 ரூபாய்தான். பணம் போவது கல்லில் இல்லை. அதைச் சுற்றி வரும் தங்கத்திலும், எடையிலும், எழுதி வாங்காத வாய்ப்பேச்சிலும்தான் போகிறது.

1. கடையில் என்ன பெயரில் கேட்பது

வேலூர் கடைகளில் "கால்சிடனி" என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். இது ஒரே ஒரு கல்லின் பெயரும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்களாக உறைந்த குவார்ட்ஸ் என்ற கனிம வகைக்கே இந்தப் பெயர். நிறத்துக்கும் கோட்டுக்கும் தகுந்தபடி வேறு வேறு பெயரில் விற்பார்கள்.

ஆரஞ்சு கலந்த சிவப்பு என்றால் கார்னிலியன். தமிழில் சூதுபவளம். இரும்புச் சத்தால் வரும் நிறம் அது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வெள்ளி மோதிரத்தில் வைத்துப் போடும் "அகீக்" பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். வரிவரியாகக் கோடு ஓடினால் அகேட். பாசி படர்ந்தது போல இருந்தால் மாஸ் அகேட். கரும்பச்சையில் சிவப்புப் புள்ளி என்றால் பிளட் ஸ்டோன். ஆப்பிள் பச்சை நிறத்தில் வருவது கிரைசோபிரேஸ். நிக்கலால் வரும் பச்சை, இந்தக் குடும்பத்தில் விலை கூடியது இதுதான். கறுப்பு ஓனிக்ஸ் எங்கும் கிடைக்கும். பால் கலந்த வெளிர்நீலத்தைத்தான் பொதுவாகக் கால்சிடனி என்றே சொல்கிறார்கள்.

இரண்டு பெயர்க் குழப்பங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒன்று, சூதுபவளம் வேறு, பவளம் வேறு. ஜோசியர் பவளம் போடச் சொல்லியிருந்தால் அது கடலில் எடுப்பது, சுண்ணாம்புச் சத்தால் ஆனது, கத்தி பட்டாலே கீறும். சூதுபவளத்தைக் கத்தி கீறாது. நவரத்தினம் ஒன்பதில் கால்சிடனி கிடையாது. அதனால் "இதுவும் அதே பலன்தான்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு, வெளிர்நீலக் கல்லை "மூன் ஸ்டோன்" என்று விற்பார்கள். மூன் ஸ்டோனை அசைத்தால் உள்ளே ஓர் ஒளி மிதந்து நகரும். கால்சிடனியில் அது இருக்காது, மெழுகு பூசியது போன்ற அமைதியான பளபளப்புதான் இருக்கும்.

2. "ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள்

நான் செய்த முதல் தவறு இது. "ஒரிஜினல் கல்தானே?" என்று கேட்டேன். "நூறு சதம் ஒரிஜினல்மா" என்றார்கள். அது பொய்யில்லை. சாயம் ஏற்றிய கால்சிடனியும் மண்ணில் கிடைத்த உண்மையான கல்தான்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஷெட்டுகளில் தோலுக்குச் சாயம் எப்படி ஏறுகிறது? தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால். கால்சிடனியிலும் அப்படி நுண்துளைகள் உண்டு. சாம்பல் நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் அகேட்டைச் சாயக் கரைசலில் ஊறப்போட்டால் நீலம், ரோஸ், கத்தரிப்பூ, பச்சை என்று எதுவும் வரும். கடையில் இருக்கும் "கிரீன் ஓனிக்ஸ்" அனேகமாகச் சாயம் ஏற்றியதுதான். கறுப்பு ஓனிக்ஸும் பெரும்பாலும் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, கந்தக அமிலத்தில் போட்டு, உள்ளே போன சர்க்கரையைக் கரியாக்கிக் கறுப்பாக்கியதே. அந்தக் கறுப்பு நிலையானது, பயப்பட வேண்டாம். சூதுபவளத்தைச் சூடேற்றிச் சிவப்பைக் கூட்டுவதும் காலங்காலமாக நடப்பது, அதுவும் நிலைக்கும். ஏமாற்றுவது, சில நீலமும் ரோஸும் பச்சையும்தான். வெயிலில் வெளுக்கும், கழுவும்போது மங்கும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி இது: "சாயம் போட்டதா, போடாததா? பில்லில் எழுதித் தருவீர்களா?" இரண்டாவது பாதியைக் கட்டாயம் கேளுங்கள். பதில் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் நகைக்கடைக்காரர்களிடம் எப்போதும் இருக்கும், தயங்காமல் கேட்டு வாங்குங்கள். மெல்லிய விரிசல்களில் நிறம் கூடுதலாகத் தேங்கியிருந்தால் சாயம். மணியாக இருந்தால் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சாயம் உள்ளே அடர்ந்து நிற்கும். சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் உருண்டையாகத் தெரிந்தால் அது கல்லே இல்லை, கண்ணாடி. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுக் கல்லின் பின்பக்க ஓரத்தில் தேய்த்தால் சில சாயங்கள் பஞ்சில் ஒட்டும். ஒட்டாவிட்டால் சாயமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உலோக உப்புகளால் ஏற்றிய நிறம் பஞ்சுக்கு வராது.

3. கல்லை நகையோடு வாங்காமல் தனியாக வாங்குங்கள்

இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தொல்லை குறையும். தனிக் கல் என்றால் எடை போடலாம், பின்பக்கம் பார்க்கலாம், சோதிக்கலாம். பதித்த பிறகு எதுவும் முடியாது.

வேலூரில் நகைக்கடைகளிலும் ராசிக்கல் கடைகளிலும் ஓனிக்ஸ், அகேட், கார்னிலியன் கிடைக்கும். நல்ல நீலமோ கிரைசோபிரேஸோ வேண்டுமென்றால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை சௌகார்பேட்டை, என்.எஸ்.சி. போஸ் ரோடு பக்கம் போவது நல்லது. ஒரு நாள் போதும். வட இந்தியாவில் கல் பட்டை தீட்டும் பெரிய ஊர் ஜெய்ப்பூர், அகேட், கார்னிலியன் வேலைக்குப் பேர்போனது குஜராத்தின் கம்பாத். நேரில் போக முடியாதவர்கள் அங்கிருந்து தபாலில் வரவழைக்கிறார்கள். அப்படிச் செய்தால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படத்தில் தெரியும் நீலம் வேறு, கையில் வரும் நீலம் வேறு. கைக்கு வந்த கல்லை வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பத்தரிடம் போக வேண்டும்.

ஆய்வகச் சான்றிதழ் வேண்டுமா? 500 ரூபாய்க் கல்லுக்கு வேண்டாம் என்பேன், சான்றிதழ்ச் செலவு கல் விலையைத் தாண்டிவிடும். கிரைசோபிரேஸ் என்றோ, ஜேட் என்ற வேறொரு பச்சைக் கல் என்றோ சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் மட்டும் சான்றிதழ் வாங்குங்கள். அப்போதும் மேலே இருக்கும் கல்லின் பெயரோடு நிறுத்தாதீர்கள். நிறமேற்றியதா என்பதைத் தனியாக ஒரு குறிப்பு வரியில் போட்டிருப்பார்கள். அந்த வரிக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

4. வீட்டிலேயே ஒரு தராசுச் சோதனை

0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கியது 600 ரூபாய். இந்த நகை விஷயத்தில் நான் செய்த மிக உருப்படியான செலவு இதுதான்.

முதலில் கல்லை அப்படியே எடை போட்டு எழுதுங்கள். பிறகு ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் பிடியுங்கள். தராசு காட்டுவது கல் தள்ளிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இதால் வகுங்கள். என் கல் 2.40 கிராம், தண்ணீரில் காட்டியது 0.92. வகுத்தால் 2.61 வருகிறது. கால்சிடனிக்கு 2.58 முதல் 2.64 வரை வர வேண்டும், சரிதான்.

ஜேட் என்று சொல்லிக் கொடுத்தது 2.6 காட்டினால் ஜேட் இல்லை, ஜேட் 2.9க்கு மேல் வரும். பிளாஸ்டிக் 1.5க்குள் நின்றுவிடும். ஆனால் இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிரிக்காது. பவளமும் மூன் ஸ்டோனும் சில கண்ணாடிகளும் 2.6க்குப் பக்கத்திலேயே வரும், அவற்றுக்கு லென்ஸ்தான். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டினால் கணக்குத் தவறும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் ஒட்டாது. சின்னக் கல்லில், ஒரு கிராமுக்குக் கீழே, இதை நம்ப வேண்டாம்.

5. தங்கமா, வெள்ளியா

என் கருத்து: வெள்ளி. கால்சிடனிக்கு மறுவிற்பனை மதிப்பு கிடையாது, நகையை மாற்றும்போது கல்லைக் கழற்றிவிட்டு உலோகத்துக்கு மட்டும்தான் விலை போடுவார்கள். வெளிர்நீலம் 925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளி) மிக அழகாக நிற்கும். சூதுபவளத்துக்கு மட்டும் தங்கம் பொருந்துகிறது என்று ஒத்துக்கொள்கிறேன்.

தங்கம்தான் வேண்டும் என்றால் 2 கிராமுக்கு மேல் இருக்கும் நகையில் ஹால்மார்க்கும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் எச்யூஐடி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண்ணும் பார்த்து வாங்க வேண்டும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) நடத்தும் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வரும். ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாயும் அதற்கான வரியும்தான், அதற்குமேல் நூற்றுக்கணக்கில் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். ஹால்மார்க் உலோகத்துக்கு மட்டும் உத்தரவாதம், கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பிஐஎஸ் பதிவு இல்லாத தனிப் பத்தரால் ஹால்மார்க் வாங்கித் தர முடியாது என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

6. வேலைக்குக் கொடுக்கும் நாள்

நிதானமாகச் செய்ய வேண்டிய கட்டம் இது. நான் இங்கேதான் அதிகமாக இழந்தேன்.

முதலில் காரட் என்ற சொல். தங்கத்தில் 22 காரட் என்றால் தரம். கல்லில் 12 காரட் என்றால் எடை. ஐந்து காரட் ஒரு கிராம். சில ராசிக்கல் கடைகளில் ரத்தி என்ற பழைய எடை அளவைச் சொல்வார்கள், அது கடைக்குக் கடை மாறுகிறது. எங்கே போனாலும் "கிராமில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மோதிரத்தின் மொத்த எடை 6.40 கிராம். அதில் கல் 12 காரட், அதாவது 2.40 கிராம். தங்கம் 4.00 கிராம்தான். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கல்லைக் கழிக்காமல் மொத்த எடைக்கும் தங்க விலை போட்டால், 500 ரூபாய்க் கல்லுக்கு 24,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். சேதாரம் 12 சதவீதம் என்றால் அதன் மேலும் 2,880. இரண்டுக்கும் சேர்த்து 3 சதவீத ஜிஎஸ்டி 806. ஆக 27,686 ரூபாய், ஒன்றுமில்லாததற்கு. எனக்கு முதல் கடையில் நடந்தது இதே கணக்குதான். பில்லில் "மோதிரம் 6.40 கிராம்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

ஆகவே வேலைக்குக் கொடுக்கும் அன்றே ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். தேதி, கல்லின் பெயர், நிறம், எண்ணிக்கை, ஒவ்வொரு கல்லின் எடை கிராமில், நீங்கள் பழைய தங்கம் கொடுத்தால் அதன் எடையும் டச்சும் (தங்கத்தின் சுத்தம் எத்தனை சதவீதம் என்பது), செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம், அது நிகரத் தங்க எடைக்கா (கல்லைக் கழித்தது) மொத்த எடைக்கா, முன்பணம், கொடுக்கும் தேதி. இரண்டு பேர் கையெழுத்து. கல்லைத் தராசில் வைத்து எண் தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால் மனம் இளகிவிடாதீர்கள். நல்ல பத்தர் இதற்குக் கோபப்படமாட்டார்.

அடுத்தது, பதிக்கும் முறை. கல்லைச் சுற்றி உலோக விளிம்பை மடித்துப் பதிக்கச் சொல்லுங்கள், தினமும் போடும் மோதிரத்துக்கு அதுதான் பாதுகாப்பு. நகம் போல நாலு முனையில் பிடிக்கும் பிராங் அமைப்பு தோட்டுக்குப் போதும். பின்பக்கம் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அடைத்துவிட்டால் உள்ளே நீலத் தாள் வைத்து, நிறமில்லாத கல்லையும் நீலமாகக் காட்டிவிடலாம்.

கடைசியாக நெருப்பும் அமிலமும். கல்லை வைத்துக்கொண்டே பொடி வைத்து ஊதக் கூடாது, அதாவது நெருப்பில் பற்றவைக்கக் கூடாது. ஊதி, அமிலத்தில் போட்டு, மெருகேற்றி, எல்லாம் முடிந்த பிறகுதான் கல் உட்கார வேண்டும். முதல் தடவை செய்த தோட்டைக் காட்டி யோசனை கேட்க லாங்கு பஜார் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு வயதான பத்தரிடம் போயிருந்தேன். பார்த்ததுமே, "இன்னாம்மா, சாயக் கல்லை எடுத்துன்னு வந்துகீறீங்க? இத்த பூந்திக்கொட்டைத் தண்ணியில போட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே" என்றார். நான் வீட்டில் அதைத்தான் செய்திருந்தேன், வெந்நீரில் பூந்திக்கொட்டை போட்டுக் கழுவினேன். நீலம் சாம்பலானது அன்றைக்குத்தான். பிறகு இரண்டாம் முறை செய்தது அவரிடமேதான். "கல்லைக் கடைசியா குடும்மா, அதுவரைக்கும் உன் வூட்லயே இருக்கட்டும். அளவுக்கு மட்டும் ஒரு வாட்டி காட்டு" என்றார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

7. எத்தனை நாள் ஆகும்

ஆடி மாதத்தில் கொடுத்தால் சீக்கிரம் முடியும். கல்யாண வேலை இல்லாத மாதம், பத்தர்களுக்கு நேரம் இருக்கும். ஆவணியிலும் தை மாதத்திலும், தீபாவளிக்கு முன்பும், அட்சய திருதியையை ஒட்டியும் கொடுத்தால் சொன்ன தேதி தள்ளிக்கொண்டே போகும். பலர் அமாவாசையன்று பட்டறை திறப்பதில்லை. விசேஷத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: கல் தேட ஒரு வாரம், சோதித்து மாற்ற ஒரு வாரம், வேலைக்கு மூன்று வாரம், திருத்தத்துக்கு ஒரு வாரம். ஒன்றரை மாதம் கையில் வைத்துக்கொண்டால் பதற வேண்டியிருக்காது.

வளைகாப்புக்கு மோதிரம் செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஏழாம் மாதத்தில் விரல் வீங்கியிருக்கும், அந்த அளவுக்குச் செய்தால் குழந்தை பிறந்த பிறகு கழன்று விழும். பழைய மோதிரத்தின் அளவைக் கொடுங்கள், இல்லையென்றால் தோடோ பதக்கமோ செய்யுங்கள். சும்மா இருக்கும் கைக்கும் நம் ஊர் மே மாத வெயிலில் விரல் தடிக்கும். அளவு எடுப்பதைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வைத்துக்கொள்ளுங்கள்.

8. நகையை வாங்கும்போது

பணம் கொடுக்கும் முன் மூன்று எண்கள் வேண்டும்: மொத்த எடை, கல் எடை, நிகர எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவது வர வேண்டும். உங்கள் சீட்டில் இருக்கும் கல் எடையும் பில்லில் இருக்கும் கல் எடையும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் கல்லின் பெயரும், சாயம் பற்றிய சொல்லும், கல் விலை தனியாகவும், தரம், எச்யூஐடி, ஹால்மார்க் கட்டணமும் இருக்கட்டும். "எஸ்டிமேட்" என்று எழுதிய துண்டுச் சீட்டு பில் ஆகாது. ஜிஎஸ்டி எண் இருக்கிற பில் கேளுங்கள். மற்ற நகையோடு சேர்த்து 2 லட்சத்தைத் தாண்டினால் பான் எண் கேட்பார்கள், கையில் எடுத்துப் போங்கள்.

கல்லை நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. மோதிரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், சத்தம் வரக் கூடாது.

9. தகராறு ஆனால்

முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். என் விஷயம் அதிலேயே ஓரளவு தீர்ந்தது, கழிவு போட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஒத்துவராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. ஹால்மார்க் தங்கத்தில் தரம் குறைந்திருந்தால் குறைந்த அளவின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு கேட்க விதி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கேட்கும் முதல் ஆதாரம் பில்தான்.

10. வீட்டில் வைத்திருப்பது

கால்சிடனி கடினமானது, கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரை. சுலபத்தில் உடையாது. ஆனால் நுண்துளை இருக்கிற கல், எதையும் உறிஞ்சும். எண்ணெய்க் குளியலுக்கும், மஞ்சள் பூசும்போதும், மருதாணி வைக்கும்போதும் கழற்றி வையுங்கள். சென்ட் அடித்த பிறகு போடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி போதும். வெள்ளியைப் பளபளப்பாக்கும் திரவத்தில் முக்காதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கடைகளில் நகை கழுவும் அல்ட்ராசோனிக் எந்திரத்தில் போடப் போனால் சாயக் கல்லுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். கிரைசோபிரேஸை ஜன்னல் வெயிலில் வைத்தால் நிறம் இறங்கும். அமெரிக்கன் டைமண்ட் நகையோடு ஒரே டப்பாவில் போட்டால் அது இதைக் கீறும், முத்தோடு போட்டால் இது முத்தைக் கீறும். தனித்தனித் துணிப்பையில் போடுங்கள்.

பத்தரிடம் எழுதி வாங்கிய சீட்டையும் அந்தப் பையிலேயே மடித்து வையுங்கள். என்றைக்காவது அந்த நகையை மாற்றப் போனால், கல் 2.40 கிராம் என்று எழுதியிருக்கும் அந்த வரியைக் காட்டி எடையைச் சரிபார்த்துவிட்டு, கல்லை உங்கள் கையிலேயே திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.